தாங்கியில் நாளைக்கும் கொஞ்சம் இருக்கட்டும்

கௌரவ வலுசக்தி அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சின் அதிகாரிகளுக்கும், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தில் எரிபொருள் கொள்வனவைக் கவனிக்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

வடமராட்சிக் கரையில் இருந்து எழுதுகிறேன். தகப்பனும் தமையனும் கடலுக்குப் போனவர்கள். நான் கரையில் நின்று கணக்கு எழுதினேன், பதினாறு வருடம், எங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராக. 2022 இல் சங்கத்துக்கு வந்த மண்ணெண்ணெயைப் படகுக்காரருக்கு அளந்து கொடுத்ததும் நான்தான். யாருக்கு என்றைக்கு எத்தனை லீற்றர் என்று எழுதிய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்தபோது அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நல்லது. ஐந்து வருடமாகப் பழைய வண்டியை ஒட்டுப்போட்டு ஓடிய சனத்துக்கு அது தேவைதான். ஆனால் வந்திறங்கும் வண்டிகளில் பெரும்பாலானவை நாளைக்கு ஏதோ ஒரு பெற்றோல் செட்டில் வந்து நிற்கும். இறக்குமதி திறந்து ஒரு மாதம்தான், மார்ச் தொடக்கத்தில் பெற்றோல் செட் நடத்தும் விநியோகஸ்தரின் தரகுப்பணம் பற்றி ஒரு பிணக்கு வந்தது. நாட்டில் எண்ணெய் இருந்தது. தட்டுப்பாடு இல்லை என்று அரசாங்கமும் சொன்னது. என்றாலும் செய்தி காதில் விழுந்த கையோடு பல ஊர்களில் வரிசை தொடங்கிவிட்டது. அந்தச் சனத்தில் நான் பிழை காணமாட்டேன். பட்டவர்கள் அவர்கள். வண்டிக்குக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுத்த கியூஆர் முறையை 2023 செப்டம்பர் முதலாம் திகதியோடு நிறுத்தினீர்கள், ஆனால் தாங்கியில் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று சனத்துக்குத் தெரியாதவரைக்கும் அந்தப் பயம் நிற்காது.

நான் கேட்க வந்தது இதுதான். நாட்டுக்கு வேண்டிய எரிபொருளில் இத்தனை நாளுக்கானது எந்த நேரமும் விற்பனைக்குப் போகாமல் தனியாக இருக்க வேண்டும் என்று சட்டம் போடுங்கள். அதில் கைவைக்க வேண்டிய நாள் வந்தால் முதலில் யாருக்கு, பிறகு யாருக்கு என்பதையும் வரிசை இல்லாத நாட்களிலேயே எழுதி வையுங்கள்.

எரிபொருள் இல்லாத வாழ்க்கை எங்களுக்குப் புதிது இல்லை. 1990 இல் இருந்து ஐந்தாறு வருடம் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை அடைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற வைத்து, சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள்ளால் திரியை இழுத்து விளக்குச் செய்வோம். அந்த வெளிச்சத்தில் படித்து ஏ.எல். எடுத்த பிள்ளைகள் இன்றைக்கு ஐம்பது வயதுக்காரர். செய்தி கேட்க வேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் ரேடியோ பாடும். மோட்டார் சைக்கிளின் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். சந்தி தாண்டுவதற்குள் பின்னால் ஒரே வெள்ளைப் புகை. இதைக் கெட்டித்தனம் என்று இப்போது பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெருமை இல்லை. அந்தப் புகையைக் குடித்த நெஞ்சுகள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. எண்ணெய் இல்லாமலும் சமாளிப்பார்கள் என்று எங்களைப்பற்றி யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

தேவை கூடுகிறது, கூடுகிறது என்று கூட்டங்களில் ஏதோ நோய் பரவுகிற மாதிரிப் பேசுகிறார்கள். எங்களைப் போன்ற நாடுகளில் எண்ணெயும் காஸும் கூடுதலாகச் செலவாவது என்றால் என்ன என்பதை ஒரு குசினிக்குள் நின்று பார்க்க வேண்டும். என் தாயார் பனையின் கங்குமட்டையும் காய்ந்த பனங்கொட்டை ஊமலும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் வைத்துச் சமைத்தவர். மாரி காலத்தில் ஈர விறகை ஊதி ஊதி அவரின் கண் எந்நேரமும் சிவந்தபடியே இருக்கும். என் மனைவிக்கு 2011 இல் காஸ் அடுப்பு வாங்கினோம். காலையில் அவருக்கு ஒரு மணித்தியாலம் மிச்சமானது. அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் தையல் மெசினில் இருந்து உழைத்ததுதான் மூத்த மகளின் ரியூசன் காசு. நாட்டின் காஸ் தேவை கூடியது என்று உங்கள் அட்டவணையில் ஒரு கோடு ஏறியிருக்கும். எங்கள் வீட்டில் அந்தக் கோடு ஏறியது இப்படித்தான். தமையன் துடுப்பில் இருந்து எஞ்சினுக்கு மாறியதும், நடந்து போன பிள்ளை மோட்டார் சைக்கிளில் கம்பஸ் போனதும் இதே கதைதான்.

அந்தக் கோடு 2022 இல் ஒரேயடியாக விழுந்தது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபா. ஒக்டோபரில் 2,675. 2022 ஏப்ரலில் 4,860. அதுவும் காசைக் கொண்டு போனால் சிலிண்டர் இல்லை. மனைவி கொல்லைப் பக்கம் மூன்று கல்லை வைத்தார். பன்னிரண்டாவது வருடத்தில் திரும்பவும் ஊமல் பொறுக்கினோம். அடுப்பை ஊதும்போது அவருடைய கண்ணைப் பார்த்தேன், அம்மாவின் கண்.

2022 ஐ நீங்கள் அறிவீர்கள், உங்கள் கோப்புகளில் எல்லாம் இருக்கும். என்றாலும் கரையில் இருந்து பார்த்த ஒழுங்கில் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு முதல் வருடம் நவம்பரிலேயே சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தைத் தற்காலிகமாக மூடினார்கள். மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லை என்றார்கள். 1969 இல் ஈரான் எண்ணெய்க்கு ஏற்றபடி கட்டிய, நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் சுத்திகரிக்கக்கூடிய ஒரே நிலையம். நாங்கள் குடிக்கிற மண்ணெண்ணெயில் பெரும்பகுதி (எஞ்சின் குடிப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அங்கே இருந்துதான். அதே டிசம்பரில் ஈரானுக்குப் பழைய எண்ணெய்க் கடன் 25 கோடி டொலரைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பது என்று ஒப்பந்தம் போட்டார்கள். நாட்டின் நிலைமையை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம். பெற்றோல் செட்டுகளில் இராணுவம். வரிசையில் நின்ற முதியவர்கள் நின்றபடியே விழுந்து செத்தார்கள். அந்த மாதம்தான் மன்னார்ப் பக்கத்தில் இருந்து பதினாறு பேர், குழந்தைகளும் சேர்த்து, படகேறி இராமேஸ்வரத்துக்குப் போனார்கள். ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. மே மாதம் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, கைவசம் இருப்பது ஒரு நாளுக்கான பெற்றோல் என்றார்.

ஒரு நாள். இரண்டு கோடிக்கு மேல் சனம் உள்ள நாட்டில்.

அந்த மாதம் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட இன்னொரு விடயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பெற்றோலோடு வந்த ஒரு கப்பல் மார்ச் 28 ஆம் திகதியில் இருந்து கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, பணம் கட்ட முடியவில்லை, முன்னர் எடுத்ததற்கும் 5 கோடி 30 லட்சம் டொலர் பாக்கி என்றார் அமைச்சர். கப்பல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். எண்ணெய் அதற்குள். கரையில் வரிசை. காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கூலி வேறு. எண்ணெய் தட்டுப்பாடு என்றால் உலகத்தில் எண்ணெய் இல்லை என்று அர்த்தம் இல்லை, காசு கையில் இல்லாதவனுக்கு எண்ணெய் இல்லை என்பதுதான் அர்த்தம் என்று அன்றைக்கு விளங்கியது.

எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அதே 2022 இல் ஐரோப்பா ரஷ்யக் காஸை விட்டுத் திரவக் காஸுக்கு ஓடியது. கேட்ட விலை கொடுத்தது. யூலையில் பாகிஸ்தான் பத்துக் கப்பல் காஸுக்குக் கேள்விப்பத்திரம் போட்டது, ஒருவர்கூட விலை சொல்ல வரவில்லை. வங்காளதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டு மின்வெட்டுக்குப் போனது. எங்கள் மூன்று நாட்டுச் சனமும் ஒரே இருட்டில் இருந்தோம். பணக்கார நாடுகளின் குளிர்காலத்துக்கு எங்கள் குசினி விலை கொடுத்தது. இதை நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த நாடுகளை ஏசி எங்கள் தாங்கி நிரம்பப் போவதில்லை. அந்த நாடுகள் 1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு என்ன செய்தன என்று பார்ப்பதுதான் பிரயோசனம். 1974 இல் சர்வதேச எரிசக்தி முகவரகத்தை அமைத்தார்கள். அதில் சேருகிற நாடு தான் இறக்குமதி செய்கிற எண்ணெயில் முதலில் 60 நாளுக்கும், பிறகு 90 நாளுக்கும் ஆனதைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். அடி விழுந்த அடுத்த வருடமே. எங்களுக்கு அடி விழுந்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது.

90 நாள் எங்களால் முடியாது, எனக்கும் தெரியும். எண்ணெயைத் தாங்கியில் சும்மா போட்டு வைப்பது என்றால் டொலரைப் பூட்டி வைப்பது. கடன் கட்டுகிற நாடு அதற்கு எங்கே போகும் என்று உங்கள் திறைசேரிக்காரர் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். முப்பது நாளில் தொடங்கலாம். ஒரு வருடத்தில் ஐந்து நாளுக்கானது என்று சேர்த்தாலும் ஆறு வருடத்தில் சேர்ந்துவிடும். முக்கியமானது விலை இறங்கும்போது வாங்குவது. 2020 ஏப்ரலில் உலகம் முழுக்க ஊரடங்கு, எண்ணெய் விலை பீப்பாய் 20 டொலருக்கும் கீழே போனது. இந்தியா அந்த நேரம் விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் என்ற மூன்று இடத்திலும் மலையைக் குடைந்து கட்டிய 53 லட்சம் தொன் கொள்ளும் கிடங்குகளை நிரப்பிக்கொண்டது. பீப்பாய் சராசரி 19 டொலர் என்று அவர்களுடைய அமைச்சர் பிறகு சொன்னார். அதே மாதம் எங்கள் திருகோணமலையில் என்ன இருந்தது? காடு இருந்தது.

திருகோணமலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விடுங்கள். 1930 களில் வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காகச் சீனன்குடாவில் கட்டிய தாங்கிகள். இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானம் ஒன்று வந்து விழுந்து ஒரு தாங்கி எரிந்தது. அதன் உருகிய தகடு இன்னும் கிடக்கிறது. இப்போது நிற்பது 99. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10,000 தொன் நிற்கும். எல்லாம் சேர்ந்தால் பத்து லட்சம் தொன்னுக்குக் கிட்ட. ஆசியாவில் இப்படியான இயற்கைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு தாங்கித் தொகுதி வேறு நாட்டுக்குக் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பேன். 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே இந்தத் தாங்கிகளைத் திருத்துவது பற்றிப் பேச்சு இருக்கிறது. 2003 இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனி வந்தது. கீழ்ப் பக்கத் தாங்கிகளை அவர்கள் பாவித்தார்கள். மேல்ப் பக்கத்தில் 84 தாங்கிகள் மரமும் கொடியுமாக நின்றன. 2022 ஜனவரியில் ஒருவழியாகப் பிரித்தார்கள்: 14 அந்தக் கம்பனிக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டு பேரும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. பிரித்துக் கையெழுத்து வைத்த மூன்றாம் மாதம் நாடு எண்ணெய் இல்லாமல் படுத்தது.

2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் எங்கள் அரசாங்கமும் சேர்ந்து திருகோணமலையை வலுசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டிருக்கின்றன. அம்பாந்தோட்டையில் 370 கோடி டொலரில் சீனாவின் சினோபெக் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்கு 2025 ஜனவரியில் இணங்கியிருக்கிறீர்கள். வரட்டும். யார் காசு போட்டாலும் வேலை நடந்தால் சரி என்பவன் நான். ஆனால் மையம் என்பது பிறருடைய எண்ணெய் வந்து தங்கிவிட்டுப் போகிற மடமாக மட்டும் ஆகிவிடக் கூடாது. கப்பல் கண்ணுக்குத் தெரிந்தும் எண்ணெய் எங்களுக்கு இல்லை என்ற அனுபவம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. தாங்கி கண்ணுக்குத் தெரிந்தும் எண்ணெய் எங்களுக்கு இல்லை என்று இன்னொன்று வேண்டாம். கூட்டுத்தாபனத்துக்கு என்று ஒதுக்கிய 24 தாங்கியில் இத்தனை தாங்கி நாட்டின் சேமிப்புக்கு, அதை யாருக்கும் வாடகைக்கும் விடமுடியாது, ஈடும் வைக்க முடியாது என்று நாடாளுமன்றத்தில் எழுத்தில் போடுங்கள். மற்ற ஒப்பந்தங்களில் கையெழுத்து வைக்கும்போதும் நெருக்கடி நேரத்தில் இந்த நாட்டுக்கு முதல் உரிமை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

விலைக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று காகிதத்தில் கட்டிய ஒப்பந்தங்களின் கதையையும் மறக்க வேண்டாம். 2007, 2008 இல் கூட்டுத்தாபனம் வங்கிகளோடு அப்படி ஒப்பந்தம் போட்டது. எண்ணெய் 147 டொலருக்கு ஏறிய வருடமே 40 க்குக் கீழே விழுந்தது, விழுந்த விலைக்கு நாங்கள் வங்கிகளுக்குக் காசு கட்ட வேண்டி வந்தது, லண்டன் நீதிமன்றம்வரை போய்த் தோற்றோம். அதோடு சேமிப்பு, முன்னேற்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே அதிகாரிகள் ஒதுங்கத் தொடங்கினார்கள் என்பது என் ஊகம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் தாங்கியில் நிற்கிற எண்ணெய் காகிதம் இல்லை. விலை இறங்கினாலும் அதை ஊற்றி எஞ்சினை ஓட்டலாம்.

எங்கள் பக்கத்தில் முந்தி நெல்லைக் கொம்பறையில் கட்டி வைப்பார்கள். விதைநெல் வேறாக இருக்கும். வீட்டில் அரிசி முடிந்தால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவார்கள், விதைநெல்லை அவிக்க மாட்டார்கள். அவித்தால் அடுத்த போகத்துக்கு வயல் தரிசு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு இருந்த இந்த ஒழுங்கு நாட்டுக்கு இல்லாமல் போனது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, தாங்கி நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் திறக்கும் நாள் யாருக்கு? 2022 யூன் 27 ஆம் திகதி, யூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். சுகாதாரம், துறைமுகம், உணவு விநியோகம் என்று பட்டியல் வந்தது. கரையில் இருந்து மீனைக் கொண்டுபோகிற லொறிக்கு வழி இருந்தது, மீனைப் பிடிக்கிற படகுக்கு வழி இருக்கவில்லை. பிறகு கியூஆர் வந்தது. அதை வடிவமைத்தவர்களை நான் பாராட்டுகிறேன், கிலோமீற்றர்க் கணக்கில் நின்ற வரிசை அதனால்தான் உடைந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. எல்லாம் வண்டி இலக்கத்தை வைத்துத் தொடங்கியது. இலக்கத் தகடு இல்லாத வெளியிணைப்பு எஞ்சினும், தோட்டத்துத் தண்ணீர் இறைக்கும் மெசினும் பிறகுதான் நினைவுக்கு வந்தன. ஓட்டோ ஓடிப் பிழைப்பவனுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் என்றால் ஒரு நாள் உழைப்பு. நாலு கார் உள்ள வீட்டுக்கு 80.

எங்கள் சங்கத்துக்கு மண்ணெண்ணெய் வராத நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யூன் கடைசியில் ஒரு இரவு, பக்கத்து ஒழுங்கையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி. அம்புலன்சுக்குப் பேசினால் நேரம் எடுக்கும் என்கிறார்கள். ஓட்டோ நிற்கிறது, தாங்கி காய்ந்துபோய். படகுக்காரர் ஒருவர் வந்தார். எஞ்சினை ஸ்ராட் பண்ணுவதற்கு என்று பெற்றோல் கொஞ்சம் எந்நேரமும் வைத்திருப்பார்கள், ஸ்ராட் எடுத்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அவரிடம் நாலு லீற்றர் இருந்தது. மூன்று மாதமாக, எத்தனை பேர் எத்தனை விலைக்குக் கேட்டும் விற்காமல் வைத்திருந்தது. ஒரு கதையும் இல்லாமல் ஊற்றினார். பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. அதற்குப் பிறகு பத்து நாள் அவர் கடலுக்குப் போகவில்லை, எஞ்சினை ஸ்ராட் பண்ணப் பெற்றோல் இல்லை. என்னுடைய கொப்பியில் அவர் பேருக்கு நேரே அந்தப் பத்து நாளும் கோடு போட்டிருக்கிறது. நான் கேட்கிற சேமிப்பு இதுதான். அவர் நாலு லீற்றரில் செய்ததை நாடு அதன் அளவில் செய்ய வேண்டும்.

ஆகவே அந்தப் பட்டியலை இப்போதே கரையிலும் வயலிலும் கேட்டு எழுதுங்கள். ஆஸ்பத்திரியும் அம்புலன்சும் முதலில் என்பதில் யாருக்கும் ஐமிச்சம் இல்லை. அடுத்தது, குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போகிற படகுச் சேவை, ஏனென்றால் அது ஒன்றுதான் அந்தச் சனத்துக்கு றோட்டு. காலபோகத்துக்கு உழுகிற ஒக்டோபர், நவம்பரிலும் அறுவடை நேரத்திலும் உழவு இயந்திரத்துக்கு முன்னுரிமை வேண்டும், மற்ற மாதங்களில் அது பின்னுக்குப் போகலாம். எங்களுக்கும் அப்படித்தான், காற்றுக் கடுமையான மாதத்தில் எங்கள் பக்கத்துச் சின்னப் படகுக்கு எண்ணெய் குறைத்தாலும் தாங்குவோம். இதெல்லாம் கொழும்பில் ஒரு மேசையில் இருந்து எழுதினால் பிழைக்கும். மாவட்டத்துக்கு மாவட்டம் மாதம் வேறு, காற்று வேறு. அப்புறம், வடக்குக்கு எண்ணெய் வருவது தெற்கில் இருந்து பவுசரில். நெடுஞ்சாலையின் நுனியில் இருப்பவனுக்குத் தட்டுப்பாடு முதலில் வந்து கடைசியில் போகும். அதற்காக மாவட்ட மட்டத்திலும் ஒரு சின்ன இருப்பு வேண்டும்.

மண்ணெண்ணெய் விலை பற்றி. 2022 ஓகஸ்ட் 21 ஆம் திகதி நள்ளிரவு 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவாக்கினார்கள். நட்டத்துக்கு விற்க முடியாது என்பது சரி, 87 ரூபா பொய் விலை என்பதும் சரி. ஆனால் கணக்கைப் பாருங்கள். எங்கள் படகு ஒன்று ஒரு தடவை போய்வர முப்பது லீற்றர் என்றால், முதல் நாள் 2,610 ரூபா, அடுத்த நாள் 10,200 ரூபா. அந்த இரவில் மீன் விலை நாலு மடங்காகவில்லை. ஐஸும் வலையும் எஞ்சின் ஒயிலும் ஏற்கெனவே ஏறியிருந்தன. கொப்பியின்படி அடுத்த மாதம் எங்கள் சங்கத்துப் படகுகளில் பாதிக்குக் கிட்டக் கரையில் கிடந்தன. பல வருடம் விலையைப் பிடித்து வைத்துவிட்டு ஒரே இரவில் விடுவது, அணையைக் கட்டி வைத்து ஒரே இரவில் வான் கதவை எல்லாம் திறப்பது மாதிரி. கீழே இருப்பவன்தான் அள்ளுண்டு போவான். விலையை ஏற்றத்தான் வேண்டும் என்றால் மாதம் மாதமாக, முன்கூட்டியே சொல்லி ஏற்றுங்கள். கடற்றொழிலுக்கு என்று மானியம் கொடுத்தால் அது படகின் பதிவு இலக்கத்துக்குப் போகட்டும், எண்ணெய்க்குப் போக வேண்டாம். எண்ணெய்க்குப் போனால் அது பஸ்ஸின் டீசலுக்குள் கலந்துவிடும், அதையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

மன்னார்க் கடலில் 2011 இல் காஸ் கண்டுபிடித்தார்கள், அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்கிறோம். வரும்போது வரட்டும். சூரிய ஒளியும் காற்றும் வரட்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியாவின் 1 கோடி 10 லட்சம் டொலர் நன்கொடையில் போட்ட திட்டம் முடிந்தால் அங்கே ஜெனரேற்றர் குடிக்கிற டீசல் மிச்சம், அது சேமிப்புத் தாங்கிக்குப் போகலாம். ஓட்டோக்களை மின்சாரத்துக்கு மாற்ற உதவினால் அந்தப் பெற்றோலும் மிச்சம். ஆனால் நடுக்கடலில் வலை இழுக்கிற படகுக்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு எண்ணெய்தான். 2024 இல் உலகத்தில் எரிந்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு பாரசீக வளைகுடாவின் வாசலில் இருக்கும் ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போனது. அங்கே ஒரு சலசலப்பு என்று செய்தி வந்தால் எங்கள் ஊர்ப் படகுக்காரர் இப்போதும் முதலில் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள், "அண்ணை, எண்ணெய் வருமோ?" என்று. நான் செயலாளர் பதவியை விட்டு இரண்டு வருடம். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்திரிகையில் போடுங்கள்: பெற்றோல் இத்தனை நாளுக்கு, டீசல் இத்தனை நாளுக்கு, மண்ணெண்ணெய் இத்தனை நாளுக்கு, காஸ் இத்தனை நாளுக்கு, தொடக்கூடாத இருப்பு இவ்வளவு. மூன்று மொழியிலும். சனம் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போகும்.

கொப்பியின் பிரதியை இத்துடன் அமைச்சுக்குத் தபாலில் அனுப்புகிறேன். 2022 மார்ச் தொடக்கம் டிசம்பர்வரை, 61 படகு. எந்தக் கிழமை எத்தனை லீற்றர் வந்தது, யார் எத்தனை நாள் கரையில் இருந்தார் என்று நாள்வாரியாக இருக்கிறது. பேர்களை மறைத்திருக்கிறேன். முன்னுரிமைப் பட்டியலை எழுதும் அதிகாரி யாரோ, அவருடைய மேசைக்கு அது போய்ச் சேரட்டும். விளங்காத இடம் இருந்தால் சங்கத்துக்கு அறிவித்தால் நான் வந்து விளக்குவேன்.

இப்படிக்கு,
கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் முன்னாள் செயலாளர்,
வடமராட்சி.